மறைத்தலும் சாட்சியும்

ஜனாஸாவைக் குளிப்பாட்டுகிறவர் மய்யித்தின் உடலில் கண்ட குறையை வெளியே சொல்லலாகாது என்று ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. சாட்சியத்தை மறைப்பவனுடைய இதயம் பாவத்துக்குள்ளாகிறது என்று அல்பகரா அத்தியாயம் எச்சரிக்கிறது. இவ்விரண்டையும் பல்லாண்டுகள் மாணவர்க்குப் பாடஞ் சொல்லிவந்த நாம், அவை ஒன்றோடொன்று மோதவுங் கூடும் என்பதை 2021ஆம் ஆண்டில்தான் உணர்ந்தோம்.

அவ்வாண்டு மே மாதம் மயிலாப்பூர்க் கச்சேரி சாலைப் பக்கம் நம் அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர் கொரோனாவில் மௌத்தானார். மூத்த மகன் சவூதியில் இருந்தார். வழக்கமான விமானங்கள் நின்றுபோயிருந்த காலம்; அவரால் வர இயலவில்லை. அடக்கத்திற்கு நின்றவர்கள் ஆறே பேர். இளையவர் கைப்பேசியை எடுத்து, "ஹஜ்ரத், அண்ணனுக்கு ஒரே ஒரு படம் அனுப்பட்டுமா?" என்று கேட்டார். வேண்டாமென்று தடுத்தோம். மய்யித்தின் கண்ணியம் ஒன்றே அப்பொழுது நம் கருத்தில் நின்றது.

அதற்குச் சில வாரங்கள் முன்புதான் தில்லியில் டேனிஷ் சித்தீகி படம் எடுத்துக்கொண்டிருந்தார். ராய்ட்டர் செய்தி நிறுவனத்தைச் சேர்ந்தவர். ரோஹிங்கியா அகதிகளின் துயரத்தைப் பதிவு செய்ததற்காக 2018இல் சகாக்களுடன் புலிட்சர் பரிசு பெற்றவர். ஏப்ரல் 15இல், ஒரே மருத்துவமனைக் கட்டிலில் மூச்சுக்குத் தவித்த இருவரைப் படமெடுத்தார். ஏப்ரல் 22இல், ஒரு சுடுகாட்டில் வரிசையாக எரிந்த சிதைகளை வானிலிருந்து எடுத்தார். ஜூலை 16இல் ஆப்கானிஸ்தானத்தின் ஸ்பின் போல்தக்கில் கொல்லப்பட்டார். 2022 மே மாதம் அந்தக் கொரோனாக் காலப் படங்களுக்காக அவருக்கும் சகாக்கள் மூவருக்கும் புலிட்சர் பரிசு அறிவிக்கப்பட்டபோது, அவர் ஜாமிஆ மில்லியாவின் மையவாடியில் அடங்கிப் பத்து மாதங்கள் ஆகியிருந்தன.

சிதைகளை உலகுக்குக் காட்டுவது மரித்தோரை அவமதிப்பதாகும் என்று அன்று சினந்தவர் உண்டு. எளிதில் தள்ளத்தக்க ஆட்சேபம் அன்று இது. மரித்தவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. படமெடுத்தவரும் இன்று மறுமொழி சொல்ல இல்லை. ஆயினும் அந்த வான்படத்தை உற்று நோக்குக. ஒருவர் முகமும் அதில் இல்லை. ஆளை மறைத்து அளவைக் காட்டுகிறது அது. நூல்கள் மறைக்கச் சொன்னது மய்யித்தின் குறையை. சிதைகளின் எண்ணிக்கை மரித்தோரின் குறையா, உயிரோடிருந்தோரின் குறையா?

கட்டில் படம் வேறு. அங்கே முகங்கள் தெரிகின்றன. அவ்விருவரில் ஒருவர் நம் சகோதரராயிருந்தால் அது காட்சிக்கு வைக்கப்படுவதை நம் உள்ளம் பொறுக்குமா? பொறுக்காது. அதே 2022 மே மாதத்தில், இரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் வழக்கத்திற்கு மேற்பட்ட மரணங்கள் ஏறத்தாழ 47 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அரசின் பதிவோ 5 லட்சத்தையும் எட்டவில்லை. அம்மதிப்பீட்டை அரசு ஏற்கவுமில்லை. கணக்கே வழக்காகிவிட்ட இடத்தில், கண்டவன் வாய்மூடியிருக்கலாமா என்று கேட்டால் நம்மால் ஆம் என்று சொல்ல முடியவில்லை.

அண்டை வீட்டு மகன் மறு ஆண்டு ஊர் வந்தார். மையவாடிக்கு அழைத்துப் போனோம். அந்த வரிசையில் கபர்கள் நெருங்கிக் கிடந்தன. மீஸான் கல் நட்டவை சிலவே. "அத்தா எங்கே, ஹஜ்ரத்?" என்றார். ஓரிடத்தைக் காட்டினோம். அவர் அங்கே அமர்ந்து யாஸீன் ஓதி முடிக்கும்வரை, காட்டிய இடம் சரிதானா என்று பக்கத்துக் கபரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.