குரலும் திரையும்

மலைச் சரிவுகளில் விளைந்து, உலர்ந்து, தரம் பிரிக்கப்பட்ட ஏலக்காய் போடிநாயக்கனூர் ஏலக் கூடத்தில் விலை காண்கிறது. முன்பு அந்த விலை குரலில் ஏறியது. ஏலம் விடுபவர் கூவுவார். வணிகர் அதைக் கேட்டு மேல்விலை சொல்வர். 2007இல் நறுமணப் பொருட்கள் வாரியம் மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. இன்று மாதிரிக் காய் வணிகரின் கைக்கு வருகிறது; விலையோ கணினித் திரையில் ஏறுகிறது.

செவி கேளாத ஒருவரும் பார்வையற்ற ஒருவரும் வணிகராக அக்கூடத்தில் அமர்ந்திருப்பதாக எண்ணிப் பாருங்கள். கூவி விடும் ஏலத்தில் முன்னவருக்கு இடமில்லை. பின்னவரோ காயை விரலால் உருட்டி, முகர்ந்து, குரலைக் கேட்டு விலை கூறியிருப்பார். திரை வந்ததும் நிலைமை தலைகீழாகிறது. திரை பேசாத வரை பார்வையற்றவர் வெளியே; செவி கேளாதவர் உள்ளே. இருவர் உடலிலும் எம்மாற்றமும் இல்லை. மாறியது வணிகம் பேசும் முறை மட்டுமே. அப்படியானால் ஒருவரை ஒதுக்கி வைப்பது அவருடைய உடற்குறையா, நாம் செய்துள்ள ஏற்பாடா?

ஏற்பாடுதான் என்றால், அதைத் திருத்துவது இரக்கச் செயல் அன்று, நீதியின் கடன். தம் காய்க்கு என்ன விலை, எடையில் எவ்வளவு கழிந்தது, தரகு எவ்வளவு என்று அறிய விரும்பும் விவசாயி நம் இரக்கத்தைக் கேட்கவில்லை. தம் கணக்கையே கேட்கிறார். பார்வையற்ற அவர் விற்பனைச் சீட்டைப் பிறரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லும்போது, தம் வரவையும் கடனையும் அவரிடம் திறந்து காட்டிவிடுகிறார். படிப்பவர் நல்லவராகவே இருக்கட்டும். பிறருடைய நல்ல மனத்தை நம்பித்தான் ஒருவர் தம் பணத்தை எண்ண வேண்டும் என்பது மனித மாண்புக்கு இழுக்கல்லவா?

சட்டமும் இதையே உணர்த்துகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தகவல் தொடர்பு என்னும் சொல்லுக்குள் பிரெயில், சைகை மொழி, பெரிய எழுத்து, ஒலி வடிவம், எளிய நடை ஆகியவற்றையும் சேர்த்துள்ளது. வங்கிக் கணக்கு தொடங்குவோர் கைப்பேசியின் முன் கண் இமைத்துத் தம்மை மெய்ப்பிக்க வேண்டும் என்ற முறை, அமில வீச்சில் கண் சிதைந்தோரையும் பார்வையற்றோரையும் வெளியே நிறுத்தியது. அவர்கள் தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதியே என்று தீர்ப்பளித்தது.

“எங்களிடம் அப்படிப்பட்டவர் எவரும் வருவதில்லையே, எதற்கு வீண் செலவு?” என்று சிலர் கேட்கக்கூடும். கதவைச் சாத்திக்கொண்டு, விருந்தினர் வரவில்லை என்று சொல்வதற்கு இது ஒப்பாகும். செலவும் பல வேளைகளில் சொற்பமே. சீட்டைப் படமாக அனுப்பாமல் எழுத்தாக அனுப்பினால், பார்வையற்றவரின் கைப்பேசி அதைப் படித்துக் காட்டும். செவி கேளாதவரைத் தொலைபேசியில் அழைப்பதற்குப் பதிலாகக் குறுஞ்செய்தி அனுப்பலாம். ஆயினும் பிறவியிலேயே கேளாத பலருக்குச் சைகையே முதல் மொழி. அவர்களுக்கு எழுத்து மட்டும் போதாது. ஆகவே, எம்முறை தமக்கு ஏற்றது என்று அவரையே கேட்பதுதான் முதற்படி. கண் மங்கிய முதியவரும் எழுத்தறியாத தோட்டத் தொழிலாளியும்கூட இதனால் பயனடைவர்.

கடைக்காரராகவோ, கணக்கராகவோ, வங்கி ஊழியராகவோ நம்மில் பலர் நாள்தோறும் பிறருக்குச் செய்தி சொல்கிறோம். சொன்னதோடு நம் கடமை முடிந்தது என்று எண்ணுகிறோம். கேட்க வேண்டியவரைச் சென்று சேரும் வரை அது முடிவதில்லை.