நாயின் நிறமும் நெஞ்சின் நிறமும்



கறுப்பு நாய் பொல்லாதது, வெள்ளை நாய் சாது, செவலை நாய் விசுவாசமுள்ளது என்று நம் குடியிருப்புகளில் இன்றும் சொல்லக் கேட்கிறோம். சனிக்கிழமையில் கறுப்பு நாய்க்குச் சோறிட்டால் சனிதோஷம் தொலையும் என்று கருதி, கையில் சோற்றுடன் அதனைத் தேடித் திரிவோரும் உளர். அவர்களே மற்றக் கிழமைகளில் அந்நாய் எதிர்ப்பட்டால் அபசகுனம் என்று கல்லை எடுக்கின்றனர். திரிசரணம் அடைந்து பஞ்சசீலம் ஏற்ற வீடுகளிலும் இவ்வழக்கம் முற்றிலும் ஒழியவில்லை. ஆதலின், நாயின் மயிர்நிறம் அதன் குணத்தை அறிவிக்குமா என்னும் வினாவை இன்று எடுத்துக்கொள்வோம்.

இஃது அற்ப விஷயம், உபதேசத்திற்கு உரியதன்று எனச் சிலர் எண்ணலாம். அங்ஙனம் எண்ணுவோர் ‘வர்ணம்’ என்னும் சொல்லைச் சற்றே சிந்திக்க வேண்டும். அச்சொல்லுக்கு நிறம் என்பது பொருள். மச்சிம நிகாயத்தின் அஸ்ஸலாயன சூத்திரத்தில், பதினாறு வயதுடைய அஸ்ஸலாயனன் என்னும் மாணவன் சாவத்தி நகரில் பகவானிடம் வருகிறான். பிராமணரே வெண்ணிறத்தார், ஏனையோர் கருநிறத்தார் என்று பிராமணர் கூறிவருவதை எடுத்துரைத்து, அதைப்பற்றிப் பகவானின் கருத்து யாதெனக் கேட்கிறான். பகவான் வினாக்களாலேயே அவனைத் தெளிவித்தார். உயர்குலத்தான் ஒருவன் சந்தனக் கட்டையைக் கடைந்து எழுப்பிய தீயும், இழிகுலத்தான் எனப்பட்டவன் நாய்க்கு நீர் வைக்கும் தொட்டியின் மரத்தைக் கடைந்து எழுப்பிய தீயும் சுடரிலும் ஒளியிலும் வேறுபடுமோ என்று கேட்டார். வேறுபடா என்பதை அம்மாணவன் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

மேனியையும் பிறப்பையும் கண்டு உள்ளத்தைத் தீர்மானிக்கும் வழக்கத்தால் நம் முன்னோர் பட்ட துன்பம் நாம் அறியாததன்று. சண்டாளருக்கு உரிய செல்வம் நாயும் கழுதையுமே என்று மனுவின் நூல் விதித்தது. மகாடு நகரத்தின் சவதார் குளத்தில் விலங்குகள் நீர் அருந்தத் தடையில்லை. தீண்டாதார் என ஒதுக்கப்பட்ட மனிதருக்கே தடை இருந்தது. 1927-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் நாள் பாபாசாகேப் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களுடன் சென்று அந்நீரை அருந்தினார். இத்தகைய சரித்திரம் உடைய நாம், நம்மை அளந்த அதே கோலை எடுத்து ஒரு வாயில்லா ஜீவனை அளக்கலாமா?

இனி, நாய்க்கு நிறம் எதனால் உண்டாகிறது என்று பார்ப்போம். அதன் மயிரில் உள்ள நிறப்பொருள்கள் இரண்டே. ஒன்று கறுப்பு அல்லது பழுப்பு நிறம் தருவது. மற்றொன்று செம்மையும் மஞ்சளும் தருவது. லாப்ரடார் என்னும் இனத்தில் ஒரு மரபணு கறுப்பா பழுப்பா என்பதை முடிவு செய்கிறது. மற்றொரு மரபணு, அந்நிறம் மயிரில் தோன்றுமா, மஞ்சள் மட்டும் தோன்றுமா என்பதை முடிவு செய்கிறது. ஆகவே ஒரே தாய் ஒரே ஈற்றில் கறுப்பு, பழுப்பு, மஞ்சள் ஆகிய மூன்று நிறக் குட்டிகளையும் ஈனக்கூடும். ஒரு வயிற்றில் பிறந்து ஒரு மடியில் பால் குடித்த அம்மூன்றனுள் ஒன்றைத் துஷ்டன் என்றும் மற்றொன்றைச் சாது என்றும் நாம் பெயரிடுவது எந்த நியாயம்?

2022-ஆம் ஆண்டில் ‘சயன்ஸ்’ என்னும் இதழில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 18,000-க்கு மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றை வளர்ப்போரிடம் விசாரித்து, 2,000-க்கு மேற்பட்ட நாய்களின் மரபணுக்களையும் சோதித்தனர். நாய்க்கு நாய் காணப்படும் நடத்தை வேறுபாட்டில் நூற்றுக்கு 9 பங்கு அளவையே இனம் விளக்குகிறது என்று கண்டனர். இனமே இவ்வளவு சிறிது சொல்லுமாயின், மேல்மயிரின் நிறத்தை மட்டும் நம்பி என்ன அறிய முடியும்?

“ஆயினும் சில வெள்ளை நாய்கள் காரணமின்றிச் சீறிக் கடிக்கின்றனவே, அதற்கு என்ன சமாதானம்?” என்று கேட்கலாம். காரணமின்றி எதுவும் நிகழாது என்பதே நம் தம்மத்தின் அடிப்படை. தோலுக்கும் மயிருக்கும் நிறம் தரும் உயிரணுக்கள் உட்செவி வேலை செய்வதற்கும் தேவையானவை. வெண்மை மிகுந்த சில நாய்களில் அவ்வணுக்கள் செவியிலும் இல்லாமற் போகின்றன. அந்நாய்க்குக் காது கேளாது. அமெரிக்காவில் சோதிக்கப்பட்ட டால்மேஷியன் நாய்களில் ஏறக்குறைய நூற்றுக்கு 30 ஒரு செவியிலோ இரு செவியிலோ கேளாதவை. வெண்மைக்குப் பெயர்பெற்ற நம் இராஜபாளையம் நாயிலும் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதுண்டு. உறங்கும் செவிட்டு நாயைப் பின்னிருந்து தொட்டால் அது திடுக்கிட்டுக் கடிக்கக்கூடும். அக்கடிக்குக் காரணம் அச்சம். அச்சத்திற்குக் காரணம் செவிடு. மனக்கொடுமை அதில் எங்கும் இல்லை.

ஆலையில் உழைத்தோர் இதனை எளிதில் அறிவர். நாற்பதாம் நம்பர் நூல் எந்தச் சாயத்தில் தோய்ந்தாலும் நாற்பதாம் நம்பர் நூலே. அதன் வலிமை பஞ்சிலும் முறுக்கிலும் இருக்கிறது. ஆனால் கந்தகக் கறுப்புச் சாயம் ஏற்றிய துணியைச் சரிவரக் கழுவாமல் நெடுநாள் அடுக்கி வைத்தால் இழை நைந்துபோகும். சாயப்பட்டறையில் புதியவன் கறுப்பு கெட்ட நிறம் என்பான். துணியில் தங்கிய கந்தகம் அமிலமாக மாறி இழையைத் தின்றது என்பதைப் பழகிய தொழிலாளி அறிவான். அவன் நிறத்தை வையாமல் துணியை மீண்டும் அலசச் சொல்வான்.

மறைக்காமல் ஒன்று கூறவேண்டும். செந்நிறக் காக்கர் ஸ்பானியல் நாய்கள் அவ்வினத்துக் கறுப்பு நாய்களைவிட மிகுதியாகச் சினங்கொள்கின்றன என்று, வளர்ப்போரிடம் விசாரித்துச் செய்த ஆய்வொன்று 1996-இல் வெளிவந்தது. நிறம் பார்த்தே இணைசேர்த்து வளர்க்கும் ஓரினத்திற்குள், ஒரு பரம்பரையில் நிறமும் குணமும் சேர்ந்து இறங்கக்கூடும். அதனைக்கொண்டு நம் தெருமுனையில் நிற்கும் நாயின் நெஞ்சை அளக்க இயலாது.

நாயின் குணத்தை ஆக்குவன வேறு. பிறந்த மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை மனிதர் கையில் அன்புடன் பழகிய குட்டி மனிதரை நம்புகிறது. அக்காலத்தில் அடியையே கண்டது மனிதரை அஞ்சுகிறது. பசி, நோய், இடைவிடாத சங்கிலி, குட்டிகளைக் காக்கும் தாயின் பதற்றம் ஆகியனவும் உண்டு. கல்லடி பட்ட கறுப்பு நாய் நம்மைக் கண்டு உறுமுகிறது. உறுமலைக் கேட்டவர், கறுப்பு நாய் பொல்லாதது என்பது மெய்யாயிற்று என்று இன்னொரு கல்லை எடுக்கிறார். கல் முன்னே வந்ததை அவர் மறந்துவிடுகிறார். ஒரு கூட்டத்தாரைப் பள்ளிக்கு வெளியே நிறுத்தி வைத்துவிட்டு, பிறகு இவர்களுக்குப் படிப்பு வராது என்று பேசியதும் இதே நியாயந்தான்.

பகவான் நிறத்தைப்பற்றி உபதேசித்ததும் உண்டு. கோலியர் நாட்டில் ஹலித்தவசனம் என்னும் ஊரில் சேனியன் என்னும் துறவி, நாயைப்போலச் சுருண்டு படுத்து, தரையில் எறிந்த உணவை உண்டு, நாய்விரதம் காத்துவந்தான். அவ்விரதத்தின் பயனைப் பகவானிடம் கேட்கப்பட்டபோது, இரு முறை மறுத்து மூன்றாம் முறை உண்மையைச் சொன்னார்: நாயின் ஒழுக்கத்தையும் மனத்தையும் முழுமையாகப் பயின்றவன் நாயாகவே பிறப்பான், அதனால் தேவனாகலாம் என்று நம்பினால் அது பொய்க்காட்சி. சேனியன் அழுதான். அவ்விடத்திலேதான் பகவான் கருங்கன்மம், வெண்கன்மம், கருமையும் வெண்மையும் கலந்த கன்மம், இரண்டும் அற்று விடுதலைக்கு ஏதுவான கன்மம் என நான்கினை விளக்கினார். நாயைப் பற்றிய இச்சூத்திரத்தில் கருமையும் வெண்மையும் செயலுக்குச் சொல்லப்பட்டன. எவருடைய தோலுக்கும் சொல்லப்படவில்லை. சேனியன் துறவு பூண்டு அரகந்தன் ஆனான்.

ஆகவே, கல்லை ஓங்கும் கையே கருங்கன்மம் செய்கிறது. தாகித்த நாய்க்குச் சட்டியில் நீர் வைக்கும் கையே வெண்கன்மம் செய்கிறது. அந்நாய் எந்நிறமாயினும் பயன் ஒன்றே.

தாய்மார்கள் ஒன்றை முக்கியமாகக் கேட்க வேண்டும். வெறிநோய்க்கு நிறம் இல்லை. கடித்தது வெள்ளை நாய்தானே, வீட்டு நாய்தானே என்று வாளாவிருந்தால் பிள்ளையின் உயிர் போகும். கடிவாயை உடனே சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட வேண்டும். குறித்த நாட்களில் மற்ற ஊசிகளையும் தவறாது போட வேண்டும். உடல் விறைத்து, பிடரிமயிர் சிலிர்த்து, பல்லைக் காட்டி நிற்கும் நாயை விட்டு மெல்ல விலகவும், உண்ணும் நாயையும் உறங்கும் நாயையும் தொடாதிருக்கவும் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும்.

1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அளித்த உறுதிமொழிகளுள், எல்லா உயிர்களிடத்தும் கருணை காட்டுவேன் என்பதும் ஒன்று. அதில் கறுப்பு நாய்க்கு விலக்கு இல்லை. தெருநாயின் நிறத்தைக் கேளாதிருக்கப் பழகிய நாவு, மருமகள் தேடும் நாளிலும் பெண் கறுப்பா சிவப்பா என்று கேளாதிருக்கும். இப்பயிற்சியை இன்று மாலையே நம் வீட்டு வாயிலில் ஒரு சட்டி நீர் வைத்துத் தொடங்குவோமாக.

எல்லா உயிர்களும் அச்சம் நீங்கி நலமுற்று வாழ்க!