காத்திருப்பில் ஒரு பங்கு

பழனியின் தலபுராணத்தில் ஒரு பழம் வருகிறது. நாரதர் கொண்டுவந்த பழம். அதை வெட்டிப் பங்கிடக் கூடாது என்பதுதான் கதையின் முடிச்சு. இரண்டு பிள்ளைகள், ஒரு பழம், கத்தி படக் கூடாது. ஈசனே தகப்பனாக இருந்தும் ஆளுக்குப் பாதி என்று தீர்க்க முடியவில்லை. மூத்தவர் பெற்றோரை வலம்வந்து பெற்றுக்கொண்டார். இளையவர் மயிலேறி உலகைச் சுற்றித் திரும்பினார், பழம் கைமாறியதைக் கண்டார், ஆண்டிக்கோலம் பூண்டு இந்தக் குன்றில் வந்து நின்றார். சிறு வயதிலிருந்தே கேட்டுவரும் இந்தக் கதையை என்னை மறுபடி யோசிக்க வைத்தது எங்கள் வீட்டு வைஃபை பெட்டி.

அடிவாரம் பக்கம் நாங்கள் குடியிருக்கும் வீட்டில் நான்கு போர்ஷன். நெட் கனெக்ஷன் ஒன்று. வேகம் குறைந்த, விலை குறைந்த திட்டம். மாதக் கட்டணத்தை நாலாகப் பிரித்துக்கொள்கிறோம். பின்கட்டில் இருக்கும் அக்காவின் வீட்டுக்காரருக்கு மஸ்கட்டில் வேலை. அங்கே எட்டு மணிக்கு அவர் ஷிஃப்ட் முடிந்து வரும்போது இங்கே ஒன்பதரை. அதே நேரத்தில்தான் மாடியில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் தம்பி வகுப்பு வீடியோக்களை டவுன்லோடு போடுவார். முன் போர்ஷனில் ஒருவரின் போன் அன்றைக்கு எடுத்த படங்களையெல்லாம் தானாகவே மேலேற்றிக்கொண்டிருக்கும். பின்கட்டிலிருந்து குரல் கேட்கும்: “ஹலோ, கேக்குதாங்க? இப்ப கேக்குதா?” பள்ளிக்கூடத்தில் நடந்ததை மகள் சொல்லிக்கொண்டிருப்பாள், பாதிக் கதை அப்பாவிடம் போய்ச் சேராமலே அழைப்பு அறுந்துவிடும்.

யாரும் யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை. நடப்பது வேறு. போனில் பேசும்போது நம் குரல் பெரும்பாலும் 20 மில்லிவிநாடித் துண்டுகளாக, விநாடிக்கு ஐம்பது சின்னஞ்சிறு பாக்கெட்டுகளாகப் போகிறது. எல்லாம் சேர்த்தாலும் விநாடிக்கு 100 கிலோபிட் போதும். வீடியோ அதைப்போலப் பல மடங்கு கேட்கும். ஆனால் அது முன்கூட்டியே சேமித்து வைத்துக்கொள்வதால் சில விநாடிகள் தாமதித்தால் பார்ப்பவருக்குத் தெரியாது. பேச்சுக்கு அந்த வசதி இல்லை. அரை விநாடி பிந்தி வரும் சொல்துண்டை போன் தூக்கி எறிந்துவிடுகிறது. பெரிய கோப்பு ஒன்று மேலேறும்போது ரவுட்டருக்குள் நீண்ட வரிசை சேர்ந்துவிடும். மஸ்கட்டுக்குப் போக வேண்டிய ஒரு “ம்” அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது.

ரவுட்டரிலிருந்து வெளியேறும் வழியில் ஒரு கணத்தில் ஒரு பாக்கெட்தான் போக முடியும். அதை வெட்ட முடியாது. ஆளுக்குக் கால் பங்கு நெட் என்று பேசிக்கொள்கிறோம். உண்மையில் நமக்குள் பங்காவது காத்திருக்கும் நேரம். இது புரிந்த பிறகு பழத்தின் கதை எனக்கு வேறு முகம் காட்டியது. பிளக்க முடியாதவை என்று உலகில் சில உண்டு. அவற்றின் முன்னால் நிற்கும்போது எவ்வளவு கிடைக்கும் என்ற கேள்வி பின்னுக்குப் போய், யார் காத்திருப்பது என்பதே கேள்வியாகிறது.

கொரோனா காலத்தில், 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, தமிழக அரசு ஒன்பதரை லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டாவை இலவசமாகக் கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் அளவைச் சமமாகக் கொடுத்தாலும் காலை பத்து மணிக்கு எல்லோரும் ஒரே டவரைத் தட்டும்போது காத்திருப்பு வந்தே தீரும். அதைப் பங்கிடுவது மனிதர்களின் வேலை.

இயந்திரங்களுக்கும் இந்தப் பாடம் எளிதில் வரவில்லை. 1986 அக்டோபரில், அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே, நானூறு கெஜத் தொலைவுக்குள், இணையம் மூச்சுத் திணறியது. விநாடிக்கு 32,000 பிட் போன வழியில் 40 பிட்தான் போனது. வழி நெரிசலானதும் ஒவ்வொரு கணினியும் தன் பாக்கெட் தொலைந்ததாக நினைத்து மறுபடி மறுபடி அனுப்பியது. அந்த அவசரமே வழியை அடைத்தது. வான் ஜேக்கப்சனும் மைக்கேல் கேரல்ஸும் 1988-இல் அதற்கு மருந்து எழுதினார்கள். ஒரு பாக்கெட் தொலைந்தால் அதை வழி நெரிசலின் அறிகுறியாக எடுத்துக்கொள். உன் வேகத்தை நீயே குறைத்துக்கொள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. மேலே நின்று தடி சுழற்ற யாருமில்லை. அனுப்பும் ஒவ்வொன்றும் தானாக அடங்குகிறது, தன் அடக்கத்தால் வழி கிடைக்கப்போவது யாருக்கு என்று அறியாமலே. முகம் தெரியாதவருக்காக விட்டுக்கொடுப்பதை நம் பெரியோர்கள் தவத்தோடு சேர்த்தே வைத்தார்கள். இன்று உலகம் பேசிக்கொள்ள முடிவது அப்படியொரு விட்டுக்கொடுத்தலால்தான் என்று எண்ணும்போது எனக்கு மனம் நெகிழ்கிறது.

வைஃபையும் அப்படித்தான். அதில் ஒரு கருவி பேசும் முன் காது கொடுக்கிறது. வேறொன்று பேசிக்கொண்டிருந்தால் பொறுக்கிறது. அமைதியானதும் உடனே பாய்ந்துவிடாமல் இன்னும் சிறிது பொறுக்கிறது. இரண்டு குரல்கள் மோதிவிட்டால் முன்னைவிட அதிகம் பொறுக்கத் தயாராகிறது. கோபம் வந்தால் குரலை உயர்த்தும் நாம், சுவரில் மாட்டியிருக்கும் அந்தச் சின்னப் பெட்டியிடம் கற்க இது ஒன்று போதும்.

பழனிக்காரர்களுக்குக் காத்திருப்பு புதிதல்ல. கார்த்திகை நாளிலும் தைப்பூசத்திலும் இலவச தரிசன வரிசையில் மணிக்கணக்கில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தே வளர்ந்தவர்கள். சந்நிதிக்கு நேரே ஒரு நேரத்தில் சிலர்தான் நிற்க முடியும். தண்டாயுதபாணியின் முன் கிடைக்கும் அந்தச் சில விநாடிகளையும் சேர்த்துவைக்க முடியாது. கட்டண வரிசையும் உண்டு. அதற்கு என் மனம் ஒப்பியதில்லை. 2023 அக்டோபர் 1 முதல் மலைக்கோயிலுக்குச் செல்போன் கொண்டுபோக முடியாது, கீழேயே ஒப்படைக்க வேண்டும். அதன் பிறகு வரிசையில் ஒரு மாற்றம். தலை குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்து பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கிறார்கள். குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் பெண்ணை முன்னே போகச் சொல்கிறார்கள். யாருக்கு அவசரம், யாரால் இன்னும் நிற்க முடியும் என்பது கண்ணை உயர்த்தினால்தான் தெரிகிறது.

எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு போர்ஷன்காரர்களும் திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். ஆளுக்கு ஆறு மணி நேரம் என்று ஒருவர் சொன்னார். கணக்குச் சரி, நியாயம் சரியில்லை. மஸ்கட் அழைப்பை விடியற்காலை மூன்று மணிக்கு வைக்க முடியுமா? கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேரும்வரை தலைமடைக்காரர் தன் மடையை அடைத்து வைப்பதுபோல, பொறுக்க முடிந்தவர் பொறுப்பது என்று முடிவாயிற்று. ரவுட்டரிலும் ஒரு வேலை செய்தோம். கனெக்ஷனின் வேகத்தைவிடக் கொஞ்சம் குறைவாக வரம்பு வைத்தால் வரிசை நம் பெட்டியிலேயே நிற்கும்; அங்கே சின்ன பாக்கெட்டுகள் பெரிய கோப்பின் பின்னால் சிக்காமல் முறைவைத்து அனுப்பலாம். இப்படி முறைவைத்து அனுப்புவது 1985-இல் ஜான் நேகிள் சொன்ன யோசனை. வரிசையே நீளாமல் பார்த்துக்கொள்ளும் வழியை 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் அதே ஜேக்கப்சனும் சேர்த்தார்கள். வேகத்தில் கொஞ்சம் இழந்தோம், பேச்சு தெளிந்தது.

போன் படங்கள் நள்ளிரவுக்கு மேல் ஏறுகின்றன. மாடித் தம்பியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவராகவே அலாரம் வைத்து நாலு மணிக்கு எழுந்து, அன்றைய வகுப்புகளை இறக்கிவைத்துப் படிக்கிறார். “அந்த நேரத்துல தலையும் தெளிவா இருக்குதுங்க” என்கிறார். பின்கட்டு அக்கா அழைப்பு முடிந்ததும் மாடியைப் பார்த்து, “தம்பி, பேசி முடிச்சாச்சு” என்று ஒரு குரல் கொடுப்பார்.

தை பிறந்தால் பாதயாத்திரைக் கூட்டம் ஊரை நிறைத்துவிடும், டவர்கள் திணறும். வாசல் திண்ணையில் இளைப்பாறுகிறவர்கள், பழனி வந்து சேர்ந்துவிட்டோம் என்று வீட்டுக்குச் சொல்ல ஒரு நிமிஷம் வைஃபை கேட்பார்கள். இந்த முறை அவர்களுக்கும் ஒரு பங்கு ஒதுக்குகிறோம். பூசத்துக்கு முன்பின் நாட்களில் வீட்டில் யாரும் வீடியோ பார்ப்பதில்லை என்ற யோசனை மாடித் தம்பியுடையது. பின்கட்டு அக்கா மஸ்கட்டுக்கு இப்போதே சொல்லிவிட்டார், அந்த வாரம் பேச்சைச் சுருக்கிக்கொள்வோம் என்று.