மலை வளர்ந்த ஊர்

'முட்டாள் கிழவன் மலையைப் பெயர்த்தான்' என்பது சீனத்தில் ஒரு மரபுத்தொடர். கதை, லியேசி என்ற பழைய நூலில் இருக்கிறது. வாசலை மறித்த தாய்ஹாங், வாங்வூ மலைகளை வெட்டிக் கடலோரம் கொட்டக் கிளம்புகிறார் தொண்ணூறை நெருங்கிய யூகோங். ஒரு நடை போய்வரவே பருவம் மாறிவிடுகிறது. பக்கத்து வீட்டு விதவையின் மகன், பால்பல் விழும் வயசு, அவனும் துள்ளிக்கொண்டு கூட வருகிறான். கேலி பேசியவரிடம் கிழவர் சொன்ன கணக்கு: பிள்ளை, பேரன் என்று வம்சம் வளரும், மலை வளராது.

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் அந்தக் கணக்கு தப்பியது. 1880-இல் ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயச் சுரங்கக் கம்பெனி வந்ததிலிருந்து 2001-இல் சுரங்கம் மூடும்வரை, வட ஆற்காட்டுத் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் குழிக்குள் இறங்கின. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. பாறையைப் பொடித்து, சயனைடால் தங்கத்தைப் பிரித்து, மிச்சத்தை ஊரைச் சுற்றி மேடுமேடாகக் குவித்தார்கள்; இங்கே மலையும் வளர்ந்தது. காற்றடித்தால் அந்தத் தூள் வீட்டுக்குள் வந்து படியும்.

யூகோங்குக்கு இரங்கி, மலைகளைத் தூக்கிப்போக ஆளனுப்பினார் வானத்துக் கடவுள். இங்கே மேடுகளில் மிஞ்சிய தங்கத்தை எடுக்கலாமா என்றுதான் பேச்சு.