எழுதுவது நித்திய கர்மம் ஆகுமா?

எழுத விரும்புகிறவர்கள் பலர். எழுதத் தொடங்குகிறவர்கள் சிலர். தொடங்கியதை நாள்தோறும் தொடர்கிறவர்கள் மிகச் சிலரே. காரணம் கேட்டால் வழக்கமாக மூன்று பதில்கள் வரும்: நேரம் இல்லை, தகுந்த இடம் இல்லை, மனம் கூடி வரவில்லை. இவை வெறும் சாக்குகள் என்று ஒதுக்கிவிட முடியாது. காலையில் வேலைக்குப் புறப்பட்டு இரவில் வீடு திரும்புகிறவருக்கு நேரம் இல்லை என்பது உண்மை. நால்வர் வாழும் இரண்டு அறை வீட்டில் தனியிடம் இல்லை என்பதும் உண்மை. மனம் கூடி வராத நாளில் எழுதிய பக்கம் உயிரற்றுக் கிடப்பதையும் எழுதுகிறவர்கள் நன்கு அறிவார்கள்.

அப்படியானால் எழுத்தை அன்றாட நியமமாக வகுத்துக்கொள்வது சரியா? அல்லது, உள்ளம் பொங்கும்போது மட்டும் எழுதுவதுதான் நேர்மையா? மேலோட்டமாகப் பார்த்தால் இது நேரத்தைப் பங்கிடுவது பற்றிய கேள்வி போலத் தோன்றும். ஆனால் ஒருவர் தம் செயலோடு எத்தகைய உறவு கொள்ள வேண்டும் என்ற தர்ம விசாரமே இதனுள் அடங்கியிருக்கிறது. எழுத்தைப் பற்றிப் பேசாத ஒரு சாஸ்திரத்தில் இதற்கு நல்லதொரு வழிகாட்டுதல் உண்டு.

கடுமையும் கருணையும்

வேதம் விதிக்கும் கர்மங்களைப் பூர்வ மீமாம்சை மூன்றாகப் பிரிக்கிறது. சந்தியாவந்தனம், அக்னிஹோத்திரம் போன்று நாள் தவறாமல் செய்ய வேண்டியவை நித்திய கர்மங்கள். கிரகணம், குழந்தையின் பிறப்பு போன்ற ஒரு நிமித்தம் நேரும்போது செய்பவை நைமித்திக கர்மங்கள். மழை, செல்வம், சுவர்க்கம் என ஒரு பலனை விரும்பிச் செய்பவை காமிய கர்மங்கள்.

இவற்றுக்கிடையே மீமாம்சகர்கள் நுட்பமான ஒரு வேறுபாட்டைக் காண்கிறார்கள். காமிய கர்மத்தில் அங்கங்கள் அனைத்தும் குறைவின்றி நிறைவேற வேண்டும். இல்லையேல் பலன் கைகூடாது. ஆகவே முழுவதும் செய்ய இயலாதவர் அதில் இறங்காமல் இருப்பதே மேல். நித்திய கர்மம் அப்படியல்ல. அதை விட்டுவிட உரிமை கிடையாது. ஆனால் இயன்ற அளவில் செய்தால் போதும். பிரதானமான செயல் நிறைவேறிவிட்டால், சக்திக்கு மீறிய அங்கங்கள் குறைந்தது தோஷமாகாது. இதனை 'யதாசக்தி' நியாயம் என்பர்.

இந்த நியாயத்தில் கடுமையும் உண்டு, கருணையும் உண்டு. செயலை விடுவதில் அது கடுமை காட்டுகிறது. செயலில் நேரும் குறையிடம் கருணை காட்டுகிறது. மனிதர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள். 'இன்று எழுதாவிட்டால் என்ன' என்று விடுவதில் தாராளம். 'எழுதினால் முதல் வரியே சிறப்பாக அமைய வேண்டும்' என்று குறையிடம் கடுமை. எழுத்து நின்றுபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பரிசுக்காகவும் புகழுக்காகவும் மட்டும் எழுதுகிறவர் எழுத்தைக் காமிய கர்மமாகக் கொள்கிறார். அது பாவமல்ல. ஆனால் பலன் வராது என்று தோன்றிய அன்றே எழுதும் ஊக்கமும் வற்றிவிடும். கேட்டால் மட்டும் எழுதுகிறவருக்கு எழுத்து நைமித்திகம். கேட்பவர் இல்லாத காலத்தில் அவருடைய பேனா உறங்கிவிடும். எழுத்தை நித்திய கர்மமாகக் கொள்கிறவருக்கு மட்டுமே, இன்று என்ன செய்ய வேண்டும் என்பதில் ஐயம் இல்லை.

இதற்கு எடுத்துக்காட்டுகளாக ஹைதராபாத் சமஸ்தானத்தில் வளர்ந்த மூன்று தெலுங்கு எழுத்தாளர்களைக் குறிப்பிடலாம். 1918-இல் நிறுவப்பட்ட உஸ்மானியா பல்கலைக்கழகத்திலும் பயிற்றுமொழியாக உருது இருந்த காலம் அது. தெலுங்கில் எழுதுவதற்கு அங்கே சூழல் எளிதாக அமைந்துவிடவில்லை.

கரித்துண்டும் சுவரும்

கவிஞர் தாசரதி கிருஷ்ணமாச்சார்யா (1925–1987) நிஜாம் ஆட்சியை எதிர்த்ததற்காகச் சிறைப்பட்டவர். நிஜாமாபாத் சிறையில் அவரிடம் எழுதுவதற்குத் தாளோ பேனாவோ இல்லை. பல் துலக்கக் கரி கொடுத்தார்கள். அந்தக் கரியைக் கொண்டு சிறைச் சுவரில் அவர் கவிதை எழுதினார். அதற்காகத் தண்டனையும் பெற்றார். சிறைவாசத்துக்குப் பின் 1949-இல் 'அக்னிதாரா' என்ற அவருடைய தொகுப்பு வெளிவந்தது. 1974-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதும் பின்னாளில் அவரை வந்தடைந்தது.

இதை வீரச் செயலாகப் போற்றுவது இயல்பு. அதே சமயம், யதாசக்தி நியாயத்துக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைப்பதும் அரிது. மேசை, தாள், தனிமை, அமைதி ஆகிய அங்கங்கள் எல்லாம் பறிக்கப்பட்ட பிறகும் பிரதானமான செயல் எஞ்சியிருந்தது. சொல்லைத் தேடிக் கோத்து ஓரிடத்தில் பதிப்பதே அந்தச் செயல். அதற்குக் கரித்துண்டு போதுமானதாக இருந்தது. வசதிகள் எழுத்துக்கு உதவும் என்பதில் ஐயமில்லை. ஆனால் எழுதுவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை அவற்றிடம் ஒப்படைக்க வேண்டியதில்லை.

ஆவேசம் ஒரு நாள், உழைப்பு பல நாள்

சுரவரம் பிரதாப ரெட்டி (1896–1953) சென்னையில் சட்டம் பயின்றவர். 1926-இல் ஹைதராபாத்தில் 'கோல்கொண்டா பத்ரிகா'வைத் தொடங்கி அதன் ஆசிரியரானார். ஆசிரியர் வேலையோடு மெய்ப்புத் திருத்துவது போன்ற வேலைகளையும் தாமே செய்தார். பல புனைபெயர்களிலும் எழுதினார். பத்திரிகை குறித்த நாளில் வெளிவந்தாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம், எழுத்தை அவருடைய அன்றாட வாழ்க்கையின் ஒரு பகுதியாகவே ஆக்கியது.

தெலங்கானாவில் தெலுங்குக் கவிஞர்களே இல்லை என்ற பொருளில் ஒருவர் எழுதியது அக்காலத்தில் பலரையும் புண்படுத்தியது. பிரதாப ரெட்டி ஒரு கண்டனக் கட்டுரையோடு நின்றிருக்கலாம். அவர் அப்படி நிற்கவில்லை. ஊர் ஊராகக் கவிஞர்களைப் பற்றிய செய்திகளையும் பாடல்களையும் திரட்டி, 354 கவிஞர்கள் இடம்பெறும் 'கோல்கொண்டா கவுல சஞ்சிகா' என்ற பெருந்தொகுப்பை 1934-இல் வெளியிட்டார்.

சினமும் ஆவேசமும் ஒரு கட்டுரையை எழுதவைக்கும். 354 கவிஞர்களைத் திரட்டுவதற்கு அவை போதா. ஒவ்வொரு நாளும் சில கடிதங்கள், சில பக்கங்கள், சில திருத்தங்கள் என்று வளர்ந்தால்தான் அத்தகைய நூல் உருவாகும். உணர்ச்சி ஒரு பணியைத் தொடங்கிவைக்கலாம். அதைக் கரை சேர்ப்பது நியமமே. ஆந்திர மக்களின் சமூக வரலாறு குறித்து அவர் எழுதிய நூலுக்கு, தெலுங்கு மொழிக்கான முதல் சாகித்திய அகாதெமி விருது 1955-இல் வழங்கப்பட்டது. அதைப் பெற்றுக்கொள்ள அவர் உயிரோடு இல்லை. பலனைக் காணாமலே கடமையை முடித்தவர் அவர்.

தமிழ் வாசகர்களுக்கு இங்கே உ.வே. சாமிநாதையரின் நினைவு வரும். 1940-இல், எண்பத்தைந்தாம் வயதை நெருங்கும்போது, அவர் 'என் சரித்திர'த்தை 'ஆனந்த விகட'னில் வாரந்தோறும் எழுதத் தொடங்கினார். 1942-இல் மறையும்வரை 122 அத்தியாயங்கள் வெளிவந்தன. முடிக்க முடியுமா என்று கணக்கிட்டிருந்தால் அந்த வயதில் தொடங்கியிருக்கவே முடியாது. முற்றுப்பெறாத அந்த நூலை எவரும் குறையாகக் கருதுவதில்லை.

விதித்தவர் யார்?

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். நித்திய கர்மத்தை விதித்தது வேதம். எழுதச் சொல்லி எவரையும் எந்தச் சாஸ்திரமும் விதிக்கவில்லையே. பிறகு எப்படி அது கடமையாகும்?

நியாயமான ஆட்சேபம்தான். எழுத்து பிறப்பால் வந்த கடமை அல்ல. சங்கற்பத்தால் ஏற்ற விரதம். விரதத்தை ஏற்பது அவரவர் விருப்பம். ஏற்றபின் காப்பது கடமை. கவிஞர் சி. நாராயண ரெட்டி (1931–2017) உருது வழிக் கல்வியில் வளர்ந்து, பின்னர் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் தெலுங்குப் பேராசிரியரானவர். 'விஸ்வம்பரா' என்ற காவியத்துக்காக 1988-ஆம் ஆண்டின் ஞானபீட விருது பெற்றார். பேராசிரியர், துணைவேந்தர், மாநிலங்களவை உறுப்பினர், ஆயிரக்கணக்கான திரைப்பாடல்களின் ஆசிரியர் என்று பல பொறுப்புகளுக்கிடையே, தம் பிறந்த நாளான ஜூலை 29 அன்று புதிய நூல் ஒன்றை வெளியிடுவதைப் பல ஆண்டுகள் வழக்கமாகக் கொண்டிருந்தார். அவரை எவரும் கட்டாயப்படுத்தவில்லை. பிறர் அன்பளிப்புகளைப் பெறும் நாளை அவர் கொடுக்கும் நாளாக மாற்றிக்கொண்டார். ஆண்டில் ஒரு நாளுக்கு அளித்த வாக்கு, மற்ற நாள்களையும் ஒழுங்குபடுத்தும் வல்லமை உடையது.

யாருடைய தூக்கத்தில் எழுதுவது?

நியமத்தைப் புகழ்வதோடு விசாரம் முடிந்துவிடாது. ஒருவர் எழுதுவதற்கு ஒதுக்கும் அந்த நேரம் யாரிடமிருந்து பெறப்படுகிறது என்ற கேள்வியும் உண்டு.

ஆங்கில நாவலாசிரியர் அந்தோனி டிரோலோப் தபால் துறையில் பணியாற்றிக்கொண்டே 47 நாவல்கள் எழுதியவர். காலை ஐந்தரை மணிக்கு மேசை முன் அமர்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால்மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்ற கணக்கில் எழுதினார். அந்த நேரத்தில் அவரைக் காபியுடன் எழுப்புவதற்கென்றே வயதான பணியாளர் ஒருவர் இருந்தார். அதற்காக அவருக்கு ஆண்டுக்கு ஐந்து பவுன் கூடுதல் ஊதியம். தம் வெற்றிக்கு அந்த முதியவருக்குத் தாம் பெரிதும் கடன்பட்டிருப்பதை டிரோலோப் 1883-இல் வெளியான தம் சுயசரிதையில் ஒப்புக்கொண்டார். ஐந்தரை மணிக்கு எழுத அமர்ந்தவரைப் பற்றி உலகம் பேசுகிறது. அவருக்கு முன்பே எழுந்து அடுப்பு மூட்டியவரின் பெயரை எத்தனை பேர் அறிவார்கள்?

டிரோலோப்பின் தாயார் பிரான்சிஸ் டிரோலோப்பின் நியமம் வேறு வகையானது. கணவரின் பொருளாதாரம் நொடித்தபோது, ஐம்பது வயதைக் கடந்தபின் குடும்பத்தைக் காக்க அவர் எழுதத் தொடங்கினார். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, மற்றவர்கள் விழிப்பதற்குள் தம் எழுத்து வேலையை முடித்துவிடுவார். பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் நோயுற்ற மகனுக்கும் கணவருக்கும் பணிவிடை செய்த நாள்களில், மருந்துக் குப்பிகளுக்கு அருகிலேயே மைக்கூடும் இருந்தது. அவர் எழுந்ததற்காக எவரும் எழ வேண்டியிருக்கவில்லை.

இவ்விரு நியமங்களும் கடிகாரத்தின்படி ஒன்றே. தர்மத்தின் தராசில் அவற்றுக்கு வேறுபாடு உண்டு. பிறர் உழைப்பைத் தாங்கிக்கொண்டு நிற்கும் நியமம் தவறு என்பதல்ல; அந்தக் கடனை உணராமல் நிற்பதே தவறு. டிரோலோப் அதை உணர்ந்து எழுதிவைத்தது அவருடைய பெருமை. வீட்டில் ஒருவர் எழுதும் நேரத்தில் காப்பி கொண்டுவருகிறவரும், குழந்தையை அடக்கி வைக்கிறவரும் யார் என்று எழுதுகிறவர் ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்களுக்கும் அவர்களுக்கென ஒரு மணி நேரம் தேவை அல்லவா? அதைத் தராமல் காக்கப்படும் நியமம் சாதனை ஆகலாம், தவம் ஆகாது.

நாள்தோறும் பேச என்ன இருக்கிறது?

இன்னோர் ஆட்சேபம்: நாள்தோறும் எழுதினால் தேவையற்ற சொற்கள் பெருகாதா? மௌனம் அன்றோ மேலானது?

நாள்தோறும் எழுதுவது வேறு, நாள்தோறும் வெளியிடுவது வேறு. பதஞ்சலி முனிவர் கூறும் ஐந்து நியமங்களுள் ஸ்வாத்யாயமும் ஒன்று. நல்ல நூலைப் படித்துக் குறிப்பெடுப்பது, நேற்று எழுதியதில் பொய்யான சொல்லை அடிப்பது, ஒரு பத்தியை மொழிபெயர்த்துப் பார்ப்பது ஆகிய அனைத்தும் எழுத்து நியமத்தில் அடங்கும். நித்திய கர்மத்தின் பயன் சித்தசுத்தி என்கிறது வேதாந்தம். நாள்தோறும் தன் சொற்களைத் தானே சோதிக்கிறவரிடம் சொற்கள் பெருகுவதைவிடக் குறைவதே இயல்பு.

தவறிய நாள்

நியமத்தை ஏற்க விரும்புகிறவர் சிறிய அளவில் தொடங்குவது நல்லது. அரை மணி நேரமும் அரைப் பக்கமும் போதும். அளவு பெரிதாக இருந்தால் நியமம் தவறுவது உறுதி. தவறியதும் மனம் தன்னையே இகழ்ந்துகொண்டு முழுவதையும் கைவிடும்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் நாள்கள் தவறத்தான் செய்யும். நோய் வரும், விருந்தினர் வருவார்கள், அலுவல் நீளும். இதற்கும் நித்திய கர்ம முறையில் ஒரு வழி உண்டு. சந்தியாவந்தனத்துக்கு உரிய காலம் தவறிவிட்டால், பிராயச்சித்தமாக ஓர் அர்க்கியம் கூடுதலாக விட்டு, பிறகு வழக்கம்போல் கர்மத்தைத் தொடர்கிறார்கள். தவறிய காலத்தை எண்ணி அழுவதும் இல்லை, அதைச் சாக்காக்கி அன்றைய கர்மத்தை விடுவதும் இல்லை. எழுதுகிறவரும் அவ்வாறே தவறிய நாளுக்காக ஒரு வரி கூடுதலாக எழுதிவிட்டு, அன்றைய பக்கத்தைத் தொடங்கலாம்.