தெரிந்தவர்கள்

ஹிரோகாஸு கொரே-எதாவின் 2004ஆம் வருஷத்துப் படத்துக்கு 'யாருக்கும் தெரியாது' என்று பெயர். பார்த்து முடித்ததும் இந்தத் தலைப்பு உண்மையல்ல என்று எனக்குத் தோன்றிற்று.

டோக்கியோவில் ஒரு சிறு வாடகை வீட்டில் நான்கு குழந்தைகள். யாரும் பள்ளிக்கூடம் போவதில்லை. தாய் கொஞ்சம் பணத்தை வைத்துவிட்டுப் போகிறாள். ஒரு கட்டத்துக்குப் பின் வருவதேயில்லை. 12 வயது அகிரா வரவு செலவுக் கணக்கு எழுதுகிறான். வீட்டில் மின்சாரமும் தண்ணீரும் நின்றுபோகவே, பூங்காக் குழாயில் துணி துவைக்கிறார்கள்.

இவர்கள் நிலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அகிரா பணம் கேட்டுப் போகிற ஆண்களில் ஒருவன் கொஞ்சம் கொடுத்துவிட்டு, கடைசிப் பெண் யூகி தன் குழந்தையல்ல என்பதையும் சொல்லி அனுப்புகிறான். கடைச் சிப்பந்தி, விற்காமல் மிஞ்சிய சோற்று உருண்டைகளைப் பின்வாசல் வழியே தருகிறான். போலீஸில் சொல்லலாமே என்று கடைப்பெண் கேட்கிறாள். சொன்னால் நாலு பேரும் சேர்ந்திருக்க முடியாது என்கிறான் அகிரா. அதோடு பேச்சு நின்றுவிடுகிறது.

அவன் பயம் பொய்யல்ல. அவனுக்கென்று மிஞ்சியிருப்பது அந்தச் சேர்ந்திருத்தல் ஒன்றுதான். ஆகவே அவன் விருப்பத்தை மதிப்பது நாகரிகம் என்று படுகிறது. ஆனால் இந்த மதிப்பு, தீர்மானிக்கும் பாரத்தை ஒரு சிறுவன் தலையிலேயே விட்டுவிடுகிறது. பெரியவர்களுக்கு அதில் சௌகரியமும் இருக்கிறது. அவர்களைக் கொடியவர்கள் என்று சொல்ல முடியாது. அவர்களுடைய கருணை, அவன் தங்களை வெறுத்துவிடக்கூடும் என்கிற இடத்துக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது.

படத்துக்கு ஆதாரம் 1988இல் வெளிவந்த ஒரு நிஜ சம்பவம். அதில் கடைசிக் குழந்தை, மூத்தவனின் சிநேகிதர்கள் அடித்ததில் இறந்தாள். படத்தில் யூகி நாற்காலியிலிருந்து விழுந்து இறக்கிறாள். கொடூரத்தை இயக்குநர் மழுப்பிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அடித்தவன் ஒருவன் இருந்தால் அவனைக் காட்டிவிட்டு மற்றவர்கள் விலகிக்கொள்ளலாம். விழுந்து செத்த குழந்தையின் விஷயத்தில் அது முடியாது.

யூகியைப் பெட்டியில் வைத்து, ஹனேதா விமான நிலையத்துக்குப் பக்கத்தில் புதைக்கிறார்கள். அவளுக்கு விமானம் காட்டுவதாக அகிரா சொல்லியிருந்தான். அந்தக் காட்சியில் நான் தாயை நினைக்கவில்லை, சிப்பந்தியைத்தான் நினைத்தேன். அவனிடத்தில் இருந்திருந்தால் நானும் உருண்டையைக் கொடுத்திருப்பேன். அகிராவின் பேச்சைத் தட்டியிருக்க மாட்டேன். அதை நல்ல குணம் என்றும் நம்பியிருப்பேன்.