முகக்கவசமும் முகமூடியும்



கனடாவில் உற்றார் உறவினர் இல்லாத குடும்பம் இன்று எம்மிடையே அரிதாகிவிட்டது. விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் அங்கு மாரிகாலம் முழுவதும் ஊரெல்லாம் பேசப்படும் ஒரு விளையாட்டைப் பற்றிக் கதைப்பதை நீங்கள் கேட்டிருக்கலாம். அதுதான் ஐஸ் ஹொக்கி. உறைந்த நீர்த்தளத்தின் மேல், கூரிய உருக்கு அலகு பொருத்திய சப்பாத்துகளோடு வழுக்கியோடி, வளைந்த தடிகளால் ஓர் இறப்பர் வட்டை அடித்து ஆடுவது. அந்த விளையாட்டிலே கோலைக் காத்து நிற்பவரின் வாழ்க்கை எம்முன் ஒரு கேள்வியை வைக்கிறது. துணிவு என்பது யாது? தன்னைக் காத்துக்கொள்பவன் கோழையா?

கேள்வியை ஆராயுமுன் அந்த மனிதன் நிற்கும் இடத்தைச் சற்றே மனக்கண்முன் கொண்டுவருவோம். கோலின் அகலம் ஆறு அடி, உயரம் நான்கு அடி. வட்டு மூன்று அங்குல விட்டமும் ஓர் அங்குலத் தடிப்பும் உடையது. நிறை ஏறக்குறைய ஆறு அவுன்ஸ். அது துள்ளாமல் வழுக்கவேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன்னரே குளிரூட்டி உறைய வைக்கிறார்கள். கல்லுப் போன்ற அந்த வட்டு மணிக்கு தொண்ணூறு, நூறு மைல் வேகத்தில் வரும். மற்ற வீரர்கள் அதன் பாதையிலிருந்து விலகலாம். கோல் காப்பாளரின் கடமையோ அதற்குக் குறுக்கே போய் நிற்பதே. எங்கள் ஊர்களில் உதைபந்தாட்டம் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்கு விளங்கும். அங்கே பந்து, இங்கே ஏறத்தாழக் கல்.

இருந்தும், வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்கிலே 1959 ஆம் ஆண்டின் பிற்பகுதி வரைக்கும் கோல் காப்பாளர்கள் வெறும் முகத்துடனேயே ஆடினர். 1930 ஆம் ஆண்டில் கிளின்ற் பெனடிக்ற் என்பவர் உடைந்த மூக்கைக் காப்பதற்காகத் தோலினாலான கவசமொன்றைச் சில ஆட்டங்களில் அணிந்து பார்த்தார், பின்னர் கைவிட்டார். அதன் பின் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பற்கள் விழுந்தன, மூக்குகள் உடைந்தன, முகங்களில் தையலுக்கு மேல் தையல் ஏறியது. அதுவே ஆண்மையின் அடையாளமாகவும் கருதப்பட்டது.

இந்த வழக்கத்தை உடைத்தவர் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த ஜாக் பிளான்ற். 1929 இல் பிறந்தவர்; பதினொரு பிள்ளைகள் கொண்ட ஏழைக் குடும்பத்தின் மூத்த மகன். சிறுவயதிலேயே ஆஸ்துமா நோய் இருந்தபடியால் அதிகம் ஓடமுடியாமல் கோலைக் காக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தார். தாயிடம் பின்னல் வேலை பழகி, வளர்ந்த பின்னரும் தமது குளிர்த்தொப்பியைத் தாமே பின்னிக்கொண்டார். பிறர் சிரிப்பார்களே என்று கவலைப்படுகிற மனிதரல்லர்.

1959 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 1 ஆந் திகதி. நியூயோர்க் நகரின் மடிசன் ஸ்குவயர் கார்டனில் மொன்றியல் கனேடியன்ஸ் அணிக்காக அவர் கோலிலே நிற்கிறார். ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களுக்குள் அன்டி பாத்கேற் அடித்த வட்டு முகத்தைத் தாக்குகிறது. இரத்தம் வழிய உள்ளே கொண்டுசெல்லப்பட்டுத் தையல் போடப்படுகிறது. அக்காலத்தில் அணிகள் இரண்டாவது கோல் காப்பாளரைக் கூட்டிச் செல்வதில்லை. பிளான்ற் பயிற்சி வேளைகளில் கண்ணாடி இழையினாலான கவசமொன்றை ஏற்கனவே அணிந்து வந்தார். ஆனால் ஆட்டத்தில் அணியப் பயிற்சியாளர் ரோ பிளேக் இடங்கொடுக்கவில்லை. அன்று இரவு பிளான்ற் ஒன்றே ஒன்று சொன்னார்: கவசம் இல்லாமல் நான் திரும்பிப் போகமாட்டேன். பயிற்சியாளருக்கு வேறு வழியில்லை. கவசத்தோடு பிளான்ற் இறங்கினார். அணி மூன்றுக்கு ஒன்று என வென்றது.

பயிற்சியாளரை நாம் கொடியவர் எனத் தீர்ப்பிடவேண்டியதில்லை. கவசம் அணிந்தால் காலடியில் கிடக்கும் வட்டுத் தெரியாது என்று அவர் அஞ்சினார். அதிலும் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் அவர் மனத்தில் இன்னொரு எண்ணமும் இருந்தது. பாதுகாப்பை உணர்ந்தவன் விழிப்பாய் இருக்கமாட்டான் என்பதே அது. பயந்தவன்தான் கவனமாய் இருப்பான், காயப்படத் தயாரானவன்தான் உண்மையாய் உழைப்பான் என்ற இந்த நினைப்பு ஹொக்கி மைதானத்துக்கு மட்டும் உரியதல்ல. அதைப் பல வேலைத்தலங்களிலும் பாடசாலைகளிலும், ஏன், வீடுகளிலும்கூட நாம் கண்டிருக்கிறோம்.

காயம் ஆறியதும் கவசத்தைக் கழற்றவேண்டும் என்பதே பயிற்சியாளரின் எதிர்பார்ப்பு. 1960 மார்ச் 8 ஆந் திகதி அவர் கேட்டுக்கொண்டபடி பிளான்ற் வெறும் முகத்துடன் ஆடினார். டெற்றோயிற் அணியிடம் மூன்றுக்குப் பூச்சியம் எனத் தோல்வி. அடுத்த ஆட்டத்தில் கவசம் திரும்பி வந்தது. அதன்பின் அது அகலவேயில்லை. அந்த வசந்தத்தில் மொன்றியல் அணி தொடர்ச்சியாக ஐந்தாவது தடவையாக ஸ்ரான்லி கிண்ணத்தை வென்றது. கவசம் அணிவது பயத்தினால் அல்லவா என்று கேட்டவர்களுக்கு, பரசூட் இல்லாமல் விமானத்திலிருந்து குதிப்பவனை வீரன் என்பீர்களா என்று அவர் திருப்பிக் கேட்டதாகச் சொல்வார்கள்.

வாசகரே, இந்தப் பதிலைச் சிரித்துவிட்டுக் கடந்துபோகாதீர்கள். பழைய அறநூலார் சொன்னதும் இதுவே. துணிவு என்பது கோழைத்தனத்துக்கும் கண்மூடித்தனத்துக்கும் நடுவே நிற்கும் பண்பு என்றார் அரிஸ்டோட்டில். அஞ்சவேண்டியதற்கு அஞ்சுவது அறிவாளியின் செயல் என்று எங்கள் முன்னோரும் கண்டனர். புனித தோமஸ் அக்குயினாஸ் இன்னும் ஒருபடி சென்று, துணிவின் தலையாய செயல் பாய்ந்து தாக்குவதல்ல, அசையாது தாங்கி நிற்பதே என விளக்கினார். கோல் காப்பாளருக்கு இதைவிடப் பொருத்தமான வரைவிலக்கணம் உண்டா? தாக்குவது அவர் தொழிலல்ல. தாங்குவதே அவர் தொழில்.

ஆனால் எதைத் தாங்குவது, எதற்காகத் தாங்குவது என்பதே முக்கியம். கோலைக் காப்பது நன்மை. அதற்காக அடி வாங்குவது துணிவு. தடுத்திருக்கக்கூடிய காயத்தைப் பிறர் பார்த்து மெச்சுவதற்காக வாங்குவதிலே என்ன நன்மை? காயம் துணிவின் விலையாக இருக்கலாம், காயமே துணிவாகிவிடாது. கவசம் அணிந்த பின்னரும் வட்டு அதே வேகத்தில்தான் வந்தது. பிளான்ற் அதற்குக் குறுக்கே நிற்பதை நிறுத்தவில்லை.

இங்கே கிளென் ஹோல் என்பவரையும் நினைக்கவேண்டும். டெற்றோயிற், சிக்காகோ அணிகளுக்காக 1955 தொடங்கி 1962 வரை லீக்கின் 502 ஆட்டங்களில் ஒன்றையேனும் தவறவிடாமல், அதுவும் கவசமின்றி, கோல் காத்தவர். இன்றுவரை எவரும் அந்த எண்ணிக்கைக்கு அருகில் வரவில்லை. அத்தகைய வீரர் ஆட்டத்துக்கு முன்னர் வயிறு கலங்கி வாந்தி எடுப்பது வழக்கம். அச்சமின்மையே துணிவு என்பவர்கள் இவரை என்னவென்று சொல்வார்கள்? அவர் உள்ளம் அஞ்சியது. கால் மட்டும் பின்வாங்கவில்லை. 1968 இல் பிளான்றும் ஹோலும் முதிர்ந்த வயதில் செயின்ற் லூயிஸ் அணியிலே ஒன்றுசேர்ந்தனர். அந்தப் பருவத்தில் ஹோலும் கவசம் அணியத் தொடங்கினார். மிகக் குறைந்த கோல்களை விட்டுக்கொடுத்த அணியின் காப்பாளர்களுக்குரிய வெசினா விருதை 1969 இல் இருவரும் பகிர்ந்துகொண்டனர். 1974 ஆம் ஆண்டுக்குப் பின் அந்த லீக்கில் வெறும் முகத்துடன் கோல் காத்தவர் எவருமிலர். ஒரு காலத்தில் கோழைத்தனம் எனப்பட்டது, பதினைந்து ஆண்டுகளுக்குள் சாதாரண புத்தியாகிவிட்டது.

இத்துடன் கதை முடிந்திருந்தால் நல்லது. ஆனால் முகத்துக்குக் கவசம் கிடைத்த பின்னரும் உள்ளத்துக்கு ஒரு பழைய கட்டளை நீடித்தது: நோகிறது என்று சொல்லாதே.

1989 மார்ச் 22 ஆந் திகதி, பஃபலோ அணியின் கோல் காப்பாளர் கிளின்ற் மலார்ச்சக் முகக்கவசம் அணிந்தே நின்றார். கோலருகே இரு வீரர்கள் மோதி விழுந்தபோது ஒருவரின் சப்பாத்து அலகு அவரது கழுத்து நாளத்தை வெட்டிவிட்டது. தொலைக்காட்சியில் தாய் பார்த்துக்கொண்டிருப்பாளே என்ற எண்ணத்தில், அவர் எழுந்து மைதானத்தை விட்டு நடந்தார். தாய்க்குச் செய்தி அனுப்பவும் ஒரு குருவானவரை அழைக்கவும் கேட்டுக்கொண்டார். வியட்நாமில் இராணுவ மருத்துவ உதவியாளராக இருந்த அணியின் சிகிச்சையாளர் நாளத்தைக் கையால் அழுத்திப் பிடித்து உயிரைக் காப்பாற்றினார். முந்நூறுக்கு மேற்பட்ட தையல்கள் போடப்பட்டன. இரு வாரங்களுக்குள் மலார்ச்சக் மீண்டும் கோலுக்கு வந்தார். மக்கள் எழுந்து நின்று கைதட்டினர்.

அந்தக் கைதட்டலைப் பற்றிச் சற்று யோசியுங்கள். கழுத்துக் காயம் ஆறியது. ஆனால் இரவில் வந்த பயங்கரக் கனவுகளும், சிறுவயது முதலே இருந்து இப்போது பெருகிய மனப்பதற்றமும் எவருக்கும் தெரியவில்லை. தெரியாதபடி அவர் மறைத்தார். மறைப்பதே வீரம் என்று பழக்கப்பட்டிருந்தார். குடி வந்தது. 2008 ஆம் ஆண்டு தமது உயிரைத் தாமே போக்க முயன்று, தப்பிப் பிழைத்தார். பின்னர் சிகிச்சை பெற்று, 2014 இல் தமது கதையை ஒளிவுமறைவின்றி நூலாக எழுதினார். தம்மைப் போல் மௌனமாக வருந்துகிறவர்கள் வாய் திறக்கவேண்டும் என்பதே அவர் நோக்கம். சுவீடனைச் சேர்ந்த கோல் காப்பாளர் ரொபின் லேனரும் 2018 இல் தமது மனநோயையும் குடிப்பழக்கத்தையும் பகிரங்கமாக எழுதினார். மறுவருடம் விருதொன்றைப் பெற்ற மேடையிலே, மனநோய் என்பது மனப்பலவீனமல்ல என்று சொன்னார்.

ஆகவே, கவசம் வேறு, முகமூடி வேறு. கவசம் காப்பதற்கு, முகமூடி மறைப்பதற்கு. பிளான்றின் துணிவு கவசத்தை அணிந்ததில் வெளிப்பட்டது. மலார்ச்சக்கின் துணிவு முகமூடியைக் கழற்றியதில் வெளிப்பட்டது. இருவரும் எதிர்த்தது ஒன்றையே: பாதுகாப்பான இருக்கையில் அமர்ந்துகொண்டு, மைதானத்தில் நிற்பவனிடம் வெறும் முகத்தையும் வாய்பேசா நெஞ்சையும் கேட்கின்ற பார்வையாளர்களின் கட்டளையை.

அந்தப் பார்வையாளர்களுள் நாமும் இல்லையா? "ஆம்பிளைப் பிள்ளை அழலாமோ?" என்று விழுந்த மகனைக் கேட்பது யார்? தலைக்கவசத்தோடு மோட்டார் சைக்கிளில் ஏறுகிறவனைப் பகிடி பண்ணுவது யார்? போரிலும் கடற்கோளிலும் கண்டதை ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லாத தகப்பனை, "நெஞ்சுரம் உள்ள மனுசன்" என்று புகழ்ந்துவிட்டு, இரவில் அவர் உறங்குகிறாரா என்று கேட்க மறந்தது யார்?

ஞாயிற்றுக்கிழமை கனடாவிலிருந்து தொலைபேசி வரும். மகன் பேசுவான். இரண்டு வேலை செய்கிறான், வெளியே உறைபனி. "எப்படி இருக்கிறாய் தம்பி?" என்றால், "நல்ல சுகம் அம்மா" என்பான். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் உங்களை வருத்தக்கூடாதென்று அவன் அணிந்துகொண்ட முகமூடியாகவும் இருக்கலாம். அந்தப் பதிலோடு அடுத்த கதைக்குத் தாவிவிடாதீர்கள். "உண்மையைச் சொல் மகனே, சொன்னால் நான் உன்னைக் குறைவாக நினைக்கமாட்டேன்" என்று ஒருதரம் சொல்லிப் பாருங்கள். பிறகு, அவன் பேசும் வரை கொஞ்சம் பொறுத்திருங்கள்.